குங்குமக் கலர் வெப்சைட்

மெர்லிமாவிலிருந்து மலாக்கா போகும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் டை கட்டிய இளைஞன் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னான்: "பாஸ் குங்குமம் வச்சாரு, நான் மாட்டிக்கிட்டேன் அண்ணே."

"யாருக்கு வச்சாரு?"

"எங்க வெப்சைட்டுக்குலா. ஃபேக்டரிங்களுக்கு ஆள் தேடுற வெப்சைட். இன்டர்நெட்ல வேலை தேடுறவனுக்கு நம்ம பக்கம் முதல்ல வரணும்ல? அதுக்காக ஃபேக்டரிங்க இருக்கிற ஊர் பேரைப் போட்டு 'பத்து பெரண்டாம் வேலை'ன்னு திரும்பத் திரும்ப அடிச்சு வச்சேன். வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்து. கம்ப்யூட்டர் படிக்கும், மனுசன் கண்ணுக்குத் தெரியாது."

"கெட்டிக்காரன்தான்."

"பாஸுக்கு வெள்ளைன்னா இழவு வீடு மாதிரி இருக்காம். நான் லீவுல இருந்தப்ப பக்கத்தையே குங்குமக் கலரா மாத்த வச்சிட்டாரு. அவ்வளவு எழுத்தும் பளிச்சுன்னு தெரிஞ்சிருச்சு."

"வேலை போச்சா?"

"ஏன்டா ஒரே வார்த்தைய இத்தனை தடவை எழுதியிருக்கேன்னு கத்தினாரு. நூத்தியெட்டு தடவை எழுதினா கம்பெனிக்கு நல்லது பாஸ்னு வாய்ல வந்தத சொல்லிட்டேன்."

"நம்பிட்டாரா?"

"நம்பினதாலதான் அண்ணே வம்பு. உக்காந்து எண்ணிட்டாரு. குறையுதாம். மிச்சத்தை இன்னிக்குக் குளிச்சிட்டு வந்து அடிக்கணுமாம்."

அப்போதுதான் கவனித்தேன். அவன் தலை இன்னும் ஈரமாக இருந்தது. நெற்றி நிறைய திருநீறு.