ஒரே ஆளுக்கான மெசின்

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு சிரம்பானிலிருந்து லுக்குட் போகும் பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். தம்பி மடியில் காமிக் புத்தகங்கள். அவன் எழுதிய கதை அக்கா கையில் இருந்தது. சனிக்கிழமை தோட்டத்துக் கோயில் விழாவில் அதை வாசிக்கப் போகிறானாம். ராசா ஊரைத் தாண்டியதும் அக்கா ஆரம்பித்தாள்.

"ஏன்டா, ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போட லோரியில ஏத்திட்டுப் போனது நம்ம தாத்தாவ மட்டுமா? ஒருத்தராச்சும் திரும்புனாங்களா? நீ பறக்குற மெசின்ல போயி அவர மட்டும் கூட்டிட்டு வர்ற!"

"மெசின்ல ஒரு ஆளுதான்கா ஏத்த முடியும்."

"நீதானேடா மெசின் செஞ்ச! பெரிசா செய்யேன்லா."

"முடியாதுக்கா. காலத்த தாண்டிப் போற மெசினுக்கு ரூல் இருக்கு. எல்லா காமிக்லயும் அப்படித்தான்."

"ரூலாம் ரூலு! விழாவுல முன்னால பேச்சி அத்த உக்காந்திருக்கும். அதோட அப்பாவும் அதே லோரிதான். அவர அங்கயே விட்டுட்டு வந்தேன்னு அது மூஞ்சியப் பாத்து வாசிப்பியா?"

தம்பி மடியில் இருந்த காமிக் ஒன்றைப் புரட்டினான்.

"எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டா கதையில சோகமே இருக்காதேக்கா."

அக்கா தாள்களைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

"சோகம் நம்ம லயத்து வீடுகள்ல வேண்டிய மட்டும் இருக்கு. நீ அந்த லோரிய திருப்பி ஓட்டிட்டு வாடா, போதும்."