வேர்வை காய வேணும்

உள்ளுக்கை போகாதேங்கோ அங்கிள், எஞ்சின் சூடு. இதிலை என்ரை பக்கத்திலை இருங்கோ. குறிகாட்டுவான் துறைக்குப் போய்ச் சேருமட்டும் காத்தெண்டாலும் படும். ஐயோ, அந்தப் பொன்னாடையாலை துடையாதேங்கோ, சரிகை ஒண்டும் உறிஞ்சாது. வேர்க்கட்டும். வேர்க்கிறது நல்லதெல்லோ!

ஓம், ஏ.எல்.தான் படிக்கிறன். பயோ. இந்தப் பையோ? தங்கச்சி லக்சிகான்ரை உடுப்பு. காலமை வெய்யிலுக்கை விழுந்திட்டாள். அம்மா அம்புலன்ஸ் படகிலை யாழ்ப்பாணம் கொண்டு போட்டா. இன்னும் கண் முழிக்கேல்லையாம்.

மூளைக்கை கச்சான்கொட்டை அளவிலை ஒரு சாமான் இருக்கு அங்கிள். உடம்பு சுட்டா அது உடனை ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளும், வேர்வையைத் திறந்துவிடும். ஆனா வேர்த்தா மட்டும் காணாது. வேர்வை காய வேணும். காயேக்கைதான் சூட்டையும் கொண்டு போகும். என்ன வடிவான ஏற்பாடு, என்ன! அதுக்கு மேலை, கழுத்து மட்டும் பொத்தான் பூட்டின மொத்தக் கோட்டைப் போட்டுவிட்டா? உள்ளுக்கையே ஊறிக்கொண்டு கிடக்கும். எங்கை காயிறது?

தண்ணியோ? குடுக்கேல்லை. குடிச்சா பிள்ளையள் ஒண்டுக்குப் போகக் கேப்பினம், வரிசை குழம்புமெண்டு பள்ளிக்கூடத்துச் சேர் சொல்லிப்போட்டார். தலையிடிக்குதெண்டு சொன்னவளாம். பிறகு வேர்வையும் நிண்டிட்டுது. முகம் காஞ்சு சிவந்துபோச்சு. ரீச்சர் தொட்டுப் பாத்திட்டு, ஆ, வேர்வை அடங்கீட்டுது, இனி நிக்கலாம் எண்டவவாம். கச்சான்கொட்டை கைவிட்டிட்டுது அங்கிள்! அதைப்போய் சுகமாகீட்டுது எண்டு நினைச்சிருக்கினம். இவளும் நிண்டிருக்கிறாள், விசரி.

ஏன் எழும்புறியள்? படகு ஆடுது, இருங்கோ. ஓம், இறங்குதுறையிலைதான். நிழலெண்டு ஒரு மரமில்லை. காலமைப் படகிலை ஆள் வருவாரெண்டு பிள்ளையளை நிறுத்தினவை. ஆள் ஆறுதலா மத்தியானப் படகிலைதான் வந்தவர். பிள்ளை விழுந்ததை உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ? சொல்லாயினம். கூட்டம் குழம்பிப்போடுமெல்லோ, மாலை வேறை வாடிப்போடும்.

கோட்டு நல்ல சாமான் அங்கிள், குறை சொல்லேலாது. லண்டன் குளிருக்கெண்டே தைச்ச மாதிரி. நீங்கள் அனுப்பினதெல்லோ.

நீங்கள் இறங்கேக்கை பாண்ட் வாசிச்சவையெல்லே? அதுக்கை பெரிய மேளம் கேட்டதோ?

கேட்டிராது. அது அவள் அடிக்கிறது.