தட்டுச் சத்தம்

உள்ள வாங்க சார், வாசல்ல நின்னு கத்தினா தெருவே வேடிக்கை பாக்கும். ஆமா, காலங்காத்தால தட்டை அடிச்சது நான்தான். நைட் ஷிஃப்ட் முடிச்சு மாடில இப்பத்தான் படுத்தீங்களா? சரி. ஓனர்கிட்ட சொல்வீங்களா? தாராளமா சொல்லுங்க. பெங்களூர்ல இந்த நீலசந்திரா பூரா பழைய துணி வாங்கிட்டு ஸ்டீல் பாத்திரம் குடுக்கிற தனக்கோடி நான். ஓனர் சம்சாரமே என்கிட்ட வாய் குடுக்காது. இடுப்புல பேஜர் மாட்டினா நீங்க பெரிய ஆளா?

உக்காருங்க. பாயில படுத்திருக்கிறது என் பொண்ணு ஷில்பா. தலையையே பாக்கறீங்க? ஆபரேஷன் தழும்பு சார். மூளைல கட்டி. எடுத்தாச்சு, ஆயித்தும்மா, எல்லாம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாம்னு கன்னட நர்ஸ் சொல்லிச்சு. வார்டுக்கே மைசூர்பாகு குடுத்தேன். அன்னிக்கு சாயங்காலமே காய்ச்சல். கழுத்து கட்டையாட்டம் வெறைச்சுப் போச்சு. முதுகுல ஊசி குத்தித் தண்ணி எடுத்தாங்க, கலங்கலா வந்துச்சு. மூளையச் சுத்தி இருக்கிற ஜவ்வுல கிருமியாம். அபூர்வமாத்தான் வருமாம். வந்தா எந்த மருந்துக்கும் மசியாதாம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மசியாதுன்னா என்னா டாக்டரே, என்கிட்ட மசியாத ஆளே கெடையாதுன்னு சண்டைக்குப் போனேன். அவரு பாவம், கேஸ் ஷீட்டைப் பொரட்டிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, கடைசியா ஒரு ஊசி இருக்குதும்மா, உசுரு நிக்கலாம், ஆனா வேற ஏதாவது கெட்டுப்போலாம், போடட்டுமான்னு.

வேற எதுன்னு நான் கேக்கல சார். ஒரு கிண்ணம் குடுக்கறதுக்கு மூணு பொடவைய ஒதறி, வெளிச்சத்துல புடிச்சு, கிழிசல் தேடறவ நான். அன்னிக்கு எதையும் ஒதறிப் பாக்கல. போடுங்க, உசுரு போதும், மிச்சம் எது போனாலும் போவட்டும்னுட்டேன்.

காய்ச்சல் எறங்கிச்சு. கண்ணைத் தொறந்து இட்லி கேட்டா. இப்ப நடக்கறா, ஓடறா, சண்டை போடறா.

இல்ல சார், அழல. அதெல்லாம் வரதில்ல இப்ப. டீ போடறேன், இருங்க.

ஏன் சார் திடீர்னு மெதுவாப் பேசறீங்க? அவ தூங்கறாளேன்னா? சத்தமாவே பேசுங்க. தெனம் அவ காதுகிட்டதான் தட்டை அடிக்கறேன். மாடியில இருக்கிற நீங்கதான் எழுந்து வர்றீங்க.