அம்மன் டப்பாவில் இரண்டாவது ஆல்பம்

ஆடி வெள்ளிக்கிழமை, ஆவடி போகும் பேருந்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் கையில் கிடார்.

"மச்சான், நம்ம பேண்டோட ரெண்டாவது ஆல்பம் இப்ப அம்மன் கோயில்ல கீது" என்றான் கிடார்காரன்.

"இன்னாடா சொல்ற?"

"மொத கேசட்ட நைனா ஒடைச்சிட்டாருல்ல? அதான் இத அம்மன் பாட்டு டப்பாவுல ஒளிச்சி வச்சேன். எங்கம்மா அப்டியே எடுத்து மைக் செட்டுக்காரன்கிட்ட குடுத்துட்டாங்க."

"வேற காப்பி?"

"அது ஒண்ணுதான்."

"கூழ் ஊத்துற எடத்துல உங்க நைனாதான முன்னால நிப்பாரு?"

"அவருதான் தர்மகர்த்தா."

"அப்ப இதுவும் போச்சு, நீயும் போன மாமே."

அடுத்தவர் பேச்சைக் கேட்பது தப்போ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சேக்காட்டில் கோயில் கூட்டம் வழியை மறிக்க, பேருந்து நின்றது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டுக்குப் பதிலாக கிடாரும் டிரம்ஸும் அதிர்ந்தன. கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணை மூடி, கையில் வேப்பிலையோடு குதித்து ஆடிக்கொண்டிருந்தார். பெண்கள் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

"டேய், உங்க நைனாடா. சாமி வந்துகீது."

கிடார்காரன் எழுந்தவன் அப்படியே நின்றான். என் மகளும் தாளத்துக்குக் காலை உதைத்தாள். பிடித்து நிறுத்துவதா, விடுவதா என்று தெரியவில்லை.

"ஓடிப்போயி கேசட்ட நிறுத்துடா."

"எப்டிடா நிறுத்துறது? சாமி குத்தம் ஆயிடும்."