வளைவுக்கு முன் போட்ட கோடுகள்

பஸ்ஸில் எல்லோரும் தூங்கி வழிவார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வருவேன். தொழில் புத்தி, விடாது சார். சாலையில் கோடு போடும் ஆட்களுக்கு நான் மேஸ்திரி. தலை நரைத்ததே இந்த வேலையில்தான்.

வண்டி ஓட்டுகிறவர்கள் ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்த்து வேகத்தைத் தெரிந்துகொள்வதாக நினைக்காதீர்கள். கண்ணை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். கண்ணோ சுலபமாக ஏமாறும். நேர் ரோட்டில் வெகுநேரம் பறந்து வந்தவனுக்குப் பாதி வேகமே ஊர்வது மாதிரி இருக்கும். அதனால்தான் வளைவுக்கு முன்னால் குறுக்குக் கோடுகள் போடுகிறோம். முதலில் தள்ளித் தள்ளி, வளைவு நெருங்க நெருங்க இடைவெளியைக் குறைத்து. கோடுகள் சடசடவென்று ஓடி வந்தால், 'அடடா, வேகமாகப் போகிறோமே' என்று கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

பாறை வளைவில் நான் அதைத் திருப்பிப் போட்டேன். முதலில் நெருக்கமாக, போகப் போகத் தள்ளித் தள்ளி. வண்டி வேகம் குறைந்துகொண்டே வருவதாகக் கண் நம்பிவிடும். கால் சும்மா இருக்கும். சாக்பீஸால் புள்ளி வைப்பது நான். புள்ளி வைத்த இடத்தில் பெயின்ட் அடிப்பது ஆட்கள். இன்ஜினியர் காரை விட்டு இறங்காமலே, "பளிச்சுனு இருக்கு மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் தங்கை புருஷன் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவான். மாப்பிள்ளை என்று கூப்பிட்ட வாயால் 'அவன்' என்று சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. தங்கை கை வீங்கி வருவாள். கேட்டால், "கதவுல இடிச்சுக்கிட்டேண்ணா" என்பாள். விட்டுவிட்டு வந்துவிடு என்றால், "இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேண்ணா" என்பாள். பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஆனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காத கஞ்சன் அவன். அப்படியும் ஒரு ஆள் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வழியாக வந்த ரொட்டி வேன்காரர் ஒருவர்தான் வளைவில் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்தேன். மறுநாளே கோடுகளை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. இவ்வளவும் ஆனபிறகு போட்ட வேலை வீணாக வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்ததை அப்படியே சொல்கிறேன் சார்.

தங்கைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். கல்யாணத்துக்கு முன்னால். "முள்ளையே பாத்துக்கிட்டு இருக்காத, ரோட்டைப் பாரு. அண்ணன் போட்ட கோடு சொல்லும்" என்பேன். சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளை ஸ்டியரிங்கைத் தொடவே விடவில்லை அவன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தாள். "அண்ணா, முடிவு பண்ணிட்டேன். அவர் தூங்கறாரு. அவர் வண்டியையே எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றேன்." குரலில் அப்படியொரு சந்தோஷம். எத்தனை வருடமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்.

என் வீட்டுக்கும் அந்த வளைவைத் தாண்டித்தான் வரவேண்டும். 'வராத, நான் வந்து கூட்டிட்டு வர்றேன்' என்று சொல்லியிருக்கலாம். 'பாறை வளைவுல மட்டும் முள்ளைப் பாரு' என்றாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. தெரிந்தால் அப்புறம் அண்ணா என்று கூப்பிடுவாளா?

"மெதுவா வா" என்று மட்டும் சொன்னேன்.

"மெதுவாத்தாண்ணா வருவேன்."

அவளுக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

வேன்காரரைக் கொன்றது நான். என் தங்கையைக் கொன்றதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில், அவள் கண்மண் தெரியாத வேகத்தில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டாதவள். அவள் மெதுவாகத்தான் வந்தாள்.