நீலப் பக்கம் திருப்பிய வில்லை

விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். நடுவில் யாரும் எழுந்து போகவும் கூடாது. இது என்னோடு வேலை பார்க்கிற சிநேகிதியின் அம்மாவுக்கு நடந்தது.

மாலை ஆறரை மணி... ஒரு குட்டித் தீவு. கலங்கரை விளக்கத்திலிருந்து துறைக்கு இறங்கும் மண் சாலை. இரண்டு பக்கமும் முள்புதர். ஈ காக்கா இல்லை. அதில் அந்த அம்மாள் தனியாக, விறுவிறு என்று வருகிறாள். அவளுடைய ஓரகத்தி மேட்டில் நின்று இன்னும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நம்ம அம்மாளைப் பெரியவள் என்று வைத்துக்கொள்வோம். தையல்காரி. ஓரகத்தி சின்னவள், வசதிக்காரி. வருஷா வருஷம் கப்பலில் போவாள். ஊரையே அடைக்கும் பெரிய கப்பல் இல்லை; நாலைந்து குடும்பம் ஏறினாலே நிறைந்துவிடும் சொகுசுக் கப்பல். அவளுடைய உடுப்பெல்லாம் பெரியவள் தைத்தது. துணி ஊர் சுற்றும், தைத்தவள் வாசல் தாண்டமாட்டாள்.

சின்னவள் திரும்பி வந்து அளப்பாள். "வரிசையே கிடையாதுக்கா! பெரிய கப்பல் நுழைய முடியாத இடத்துக்கெல்லாம் போகும். கரைக்குப் போய்ட்டு வந்தா எலுமிச்சை வாசனையோட ஈரத்துண்டு நீட்டுவாங்க. அதுவும் பேர் சொல்லி!" பெரியவளுக்கு வயிறு எரியும். மிஷின் அன்றைக்கெல்லாம் தடதடவென்று ஓடும்.

அந்த வருஷம் கொழுந்தனுக்கு வேலை வந்துவிட்டது. "வாங்கக்கா, இடம் வீணாத்தானே போகுது" என்றாள் சின்னவள். வீணாய்ப் போகிற இடம்தான் எனக்கா? என்று மனசு குத்தியது. ஆனாலும் பெட்டி கட்டினாள்.

கப்பலில் எல்லாம் சொன்னபடிதான். கை நீட்டினால் கடல். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. ஓரத் தையலைத் தடவிப் பார்த்து அசந்துபோனாள். ஆனால் பணியாள் சின்னவளைத்தான் பெயர் சொல்லி அழைத்தான். "சக்கரை இல்லாத டீதானே மேடம்?" அப்புறம் இவள் பக்கம் அரைப் பார்வை. "கூட வந்தவங்களுக்கு?"

கூட வந்தவங்க... பயணம் முழுக்க அதுதான் இவள் பெயர்.

சரி, துறைக்கு வருவோம். கப்பல் ஏணி அருகே ஒரு பலகை. ஆளுக்கொரு பித்தளை வில்லை அதில் தொங்கும். கரைக்கு இறங்கினால் சிவப்புப் பக்கம், ஏறிவிட்டால் நீலப் பக்கம். அவரவரே திருப்ப வேண்டும். எல்லாம் நீலமானால் கப்பல் கிளம்பிவிடும். பெரியவள் தன் வில்லையைத் திருப்பினாள். பக்கத்தில் சின்னவளுடையது, அழகாகப் பெயர் பொறித்தது. அது ஒன்றுதான் சிவப்பு.

அருகே யாரும் இல்லை. "நாளைக்கு ஏதாவது படகு பிடிச்சு வரட்டுமே... ஒரு ராத்திரி நானும் மேடமா இருந்துட்டுப் போறேன்."

டக்.

கப்பல் கிளம்பியது. பெரியவள் அறைக்கு வந்தாள். குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்... கதவுக்கு அடியில் ஈரம் கசிந்தது. பாசி நாற்றம். திறந்து பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் பக்கத்து நாற்காலி காலி. பணியாள் அதற்கு முன்னால் சர்க்கரை இல்லாத டீயை வைத்தான். காலி நாற்காலியிடம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தான். பெரியவள் எழுந்து கத்தினாள். "ஐயோ, அவ தீவுலயே நிக்கிறா! கப்பலைத் திருப்புங்க!"

கேப்டன் சிரித்தார். "என்னம்மா விளையாடுறீங்க? உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க."

கோப்பையில் டீ குறைந்துகொண்டே வந்தது.

ஊர் துறைமுகத்தில் கொழுந்தன் வெறுங்காற்றின் தோளில் கை போட்டு, "கறுத்துட்டியே!" என்று கொஞ்சிக்கொண்டு போனான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விசேஷ வீடுகளில் காலி நாற்காலியைச் சுற்றித்தான் கூட்டம். பெரியவளின் தலையெழுத்தைப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதவள் மேலும் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

தினமும் பொழுது சாய்ந்தால் அவளுக்கு ஃபோன் வரும். காற்று இரையும். "அக்கா... கப்பல் எங்கக்கா? இருட்டுது..."

தாங்க முடியவில்லை. தையல் மிஷினை விற்று, அதே கப்பலில் தனியாகப் போனாள். கூட்டி வரத்தான் போனாள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பலகையில் தன் பெயர் பொறித்த வில்லையைப் பார்த்ததும், எதற்கு வந்தோம் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

அதே தீவு. அதே சாலை. மேட்டில் யாரும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. தன் கையால் தைத்த சட்டை ஒன்று முள்ளில் மாட்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினால்... ஏணியை மேலே தூக்கிவிட்டார்கள். கப்பல் நகர்கிறது.

மேல்தளத்தில் பணியாள் ஈரத்துண்டோடு நிற்கிறான். "வாங்க மேடம், வாங்க!" பெரியவளின் பெயரை முழுசாகச் சொல்லித்தான் அழைத்தான். அவள் ஏங்கிக் கிடந்த அதே குரல். துண்டை வாங்க அங்கே யாரும் இல்லை. துண்டு மட்டும் அவன் கையைவிட்டு மெதுவாக எழும்பியது.

இதெல்லாம் என் சிநேகிதிக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவளுடைய அம்மா இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். நன்றாகச் சமைக்கிறாள், சிரிக்கிறாள். சின்னவளோடு கைகோத்துக் கடைக்குப் போகிறாள். இப்போதெல்லாம் யார் மேலும் பொறாமையே இல்லை. அதுதான் மகளுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதே, பொழுது சாய்ந்தால், அம்மாவின் எண்ணிலிருந்து ஃபோன் வருகிறது. காற்று இரைகிறது. வில்லை விஷயத்தை அழுதுகொண்டே சொன்னது அந்தக் குரல்தான். நேற்றும் வந்தது.

"பாப்பா... என் வில்லையை யாருடி திருப்புனது?"

ஃபோனில், அந்தக் குரலுக்குப் பின்னால் சின்னவள் சிரிக்கிற சத்தம். அப்புறம், கொஞ்சலாக, "சக்கரை வேணுமான்னு கேளு... கூட வந்தவங்களுக்கு."