ஒஸ்வால்டின் இருபது வருடம்

என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் எழுதுவதும் ஒழுங்கையில் அயலார் யாருக்காவது விண்ணப்பம் நிரப்புவதும் என் தலையில்தான் விழும். ஆகவே, ஒஸ்வால்ட் தன் கசற்றுக்குப் பாட்டுப் பட்டியல் எழுத என்னிடம் வந்ததில் புதுமை இல்லை.

அவர் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டின் பின்னறையில் ஏழு வருடமாக வாடகைக்கு இருந்தவர். யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டுகளைக் கிட்டாரில் ஏற்றி, ட்ரம்ஸோடு பாடிப் பெயர் எடுத்தவர். சொந்தமாக எழுதியவையும் ஏராளம். அவற்றில் பாதியில் நிலா வரும், மீதியில் மழை வரும். சுருதி எப்போதாவது வரும். இதை அவரிடமே சொல்வேன்.

"டீச்சர் போடுற தேத்தண்ணிக்குச் சீனியும் அப்பிடித்தான்" என்பார்.

பகிடி பண்ணியே பழகியவர்கள் நாங்கள்.

தொண்ணூற்றாறில் ஒரு கொம்பனி, அவருடைய இருபது வருடப் பாட்டுகளில் சிறந்தவற்றை ஒரே கசற்றாகப் போட முன்வந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினாறாவதோடு நிறுத்திவிட்டார்.

"நான் பாடினது இல்லையோ?" என்று கேட்டேன். அவர் என் வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்பே, எண்பத்திரண்டில், அவருடன் ஒரு பாட்டில் சேர்ந்து பாடியிருந்தேன். என் குரல் பதிவானது அந்த ஒரு தரம்தான்.

"அது வேண்டாம் டீச்சர். உங்கட குரலைக் கேட்டா மீனெல்லாம் வலையைக் கிழிச்சுக்கொண்டு ஓடிடும்."

நானும் சிரித்தேன். நல்ல பகிடிதான்.

அந்தக் கிழமை பொலிசுக்கும் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் படிவம் நிரப்ப வேண்டும். வழக்கமாக இரண்டு பெயர் எழுதுவேன், என்னுடையதும் அவருடையதும். அந்த முறை ஒன்று எழுதினேன். மறதி அல்ல. அவர் என்னை விட்டார், நான் அவரை விட்டேன். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, காலையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. அதிகாரி மரியாதையான மனிதர். ஒஸ்வால்ட் சவர நுரையோடு முன்னால் வந்து, தன் யாழ்ப்பாண அடையாள அட்டையை நீட்டினார். அதிகாரி அதையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அறை கேட்டு நேற்று வந்த ஆள், வேறொன்றும் தெரியாது என்றேன்.

ஒஸ்வால்ட் சிரித்துவிட்டார். "டீச்சர், பகிடியை விட்டிட்டுச் சொல்லுங்கோ. இவங்களுக்கு இது விளங்காது."

அவரை வாகனத்தில் ஏற்றும்போதும் முகத்தில் பாதி சிரிப்பு இருந்தது. மற்றப் பாதியில் நுரை.

மூன்றாம் நாள் அவருடைய தங்கை றோஸி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாள். இருவரும் ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கினோம். படிவத்தில் பெயர் இருந்திருந்தால் அன்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். பஸ்ஸில் றோஸி என் கையைப் பிடித்தாள்.

"அண்ணாட பேரை எழுதிக் குடுத்தனீங்கள்தானே, டீச்சர்?"

"ஓம் பிள்ளை" என்றேன். ஏற்கெனவே அழுதுகொண்டிருந்த பிள்ளையை மேலும் அழவைக்க மனம் வரவில்லை.

பதினொரு மாதமாகிவிட்டது. எந்த முகாமிலும் அவர் பெயர் இல்லை. கசற் வெளிவந்துவிட்டது. பட்டியல் என் கையில் இருந்ததால் அதில் பதினேழு பாட்டு. அட்டையில் 1976–1996 என்று அச்சடிக்கப் பார்த்தார்கள். நான்தான் தடுத்தேன். ஆள் எங்கே என்று தெரியாதபோது வருடத்தை முடித்து எழுதுவது பாவம் என்றேன். இரண்டாவது வருடத்தை எடுத்துவிட்டார்கள்.

றோஸி என்னைக் கட்டிக்கொண்டாள். "அண்ணாவில உங்களளவு பாசம் வேற ஒருத்தருக்கும் இல்லை டீச்சர்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரி.